மேகிக்கு மட்டும் போட்டோ இல்லை

போன மாதம் எங்கள் ஆபீஸில் ஒரு டவுன்ஹால் மீட்டிங். ஓ.எம்.ஆரில் ஏழாவது மாடி, எலும்பு வரைக்கும் இறங்கும் ஏசி, எல்லார் கையிலும் பேப்பர் கப்பில் அந்த மெஷின் காபி. இன்னும் இரண்டு மாதத்துக்குச் சனிக்கிழமையும் வரவேண்டியிருக்கும் என்ற ஒற்றை விஷயத்தை முக்கால் மணி நேரம் சுற்றி வளைத்துச் சொன்னவர், கடைசி ஸ்லைடாக ஒரு கார்ட்டூன் படத்தைப் போட்டார். வேலை பார்க்கும் மேஜைக்கு எதிரே சுவரில் ஒரு கைக்குழந்தையின் போட்டோக்களாக ஒட்டியிருக்கும், நடுவில் இங்கிலீஷில் 'டூ இட் ஃபார் ஹெர்' என்று தெரியும். அவளுக்காகச் செய். "வீட்ல இருக்கறவங்கள நினைச்சுக்குங்க, அப்புறம் சனிக்கிழமை எல்லாம் பெரிசாத் தெரியாது" என்றார். பக்கத்தில் இருந்த புதுப் பையன் நெகிழ்ந்தே போய்விட்டான். எனக்குச் சிரிப்பு வந்து காபி மூக்கில் ஏறிவிட்டது. அந்தப் போட்டோக்களுக்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டார். இல்லை, தெரிந்தேதான் போட்டாரோ என்னவோ.

அந்தப் படம் 'தி சிம்ப்ஸன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் வருவது, ஒரு குடும்பத்தின் கதை. எபிசோடின் பெயர் 'அண்ட் மேகி மேக்ஸ் த்ரீ', ஆறாவது சீசனில் 13-ஆவது. அமெரிக்காவில் முதலில் ஒளிபரப்பானது 1995 ஜனவரி 22 அன்று, நமக்குப் பொங்கல் முடிந்த மறுவாரம். எழுதியவர் ஜெனிஃபர் கிரிட்டண்டன், இயக்கியவர் ஸ்விண்டன் ஸ்காட். 1989 டிசம்பரில் தொடங்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற, 750 எபிசோடுகளைத் தாண்டிவிட்ட ஒரு தொடரில் இதை மட்டும் எடுத்து எழுதுவானேன் என்றால், வாட்ஸப்பிலும் ரீல்ஸிலும் இதன் கடைசி ஒரு நிமிடத்தை வெட்டி எடுத்து, பின்னால் பியானோ போட்டு, அழுகிற எமோஜியுடன் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். முழுசாகப் பார்த்தவர்கள் குறைவு. மீட்டிங் முடிந்த அன்று ராத்திரியே மகளோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன்.

எங்கள் தலைமுறைக்கு இந்தத் தொடர் ஸ்டார் வேர்ல்டில் அறிமுகமானது. கல்லூரி விட்டு வந்து, அம்மா சீரியலுக்கு உட்காருவதற்கு முன் கிடைக்கிற அரைமணி நேரம். பாதி ஜோக் புரியாது, புரிந்த மாதிரி சிரிப்பேன். 2003-இல் சென்னையில் மட்டும் கட்டணச் சேனலுக்கெல்லாம் செட்டாப் பாக்ஸ் வேண்டும் என்று கொண்டுவந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வீட்டில் பாக்ஸ் வாங்கவில்லை. அதோடு அந்தக் குடும்பத்து அப்பா ஹோமர் போனார், மறுபடி ஓ.டி.டி. வந்த பிறகுதான் வந்தார். இடையில் எனக்கும் ஹோமர் மாதிரியே முன்மண்டை வழுக்கை ஆகியிருந்தது.

கதைக்கு வருவோம். ஒரு ராத்திரி வீட்டில் எல்லாரும் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பேசும் படகு ஒன்று குற்றவாளிகளைத் துரத்திப் பிடிக்கிற தொடர். தண்ணீரே இல்லாத இடத்தில் படகு எப்படித் துரத்தும் என்று கேட்டால், எப்படியும் பக்கத்தில் ஒரு கால்வாய் வந்துவிடும். (என் மகளுக்கு மொத்த எபிசோடிலும் இதுதான் பிடித்தது. பக்கிங்ஹாம் கால்வாயில் அந்தப் படகு போனால் என்ன ஆகும் என்று கேட்டாள். மூக்கைப் பிடித்துக்கொள்ளும் என்றேன்.) ஹோமரின் மனைவி மார்ஜ் டிவியை அணைத்துவிட்டு, குடும்பமாக உட்கார்ந்து ஆல்பம் பார்க்கலாம் என்கிறாள். மூத்தவன் பார்ட் படம் இருக்கிறது, அடுத்தவள் லிசா படம் இருக்கிறது. கடைக்குட்டி மேகி படம் ஒன்றுகூட இல்லை. ஏன் என்று லிசா கேட்க, ஹோமர் பழைய கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறான்.

இந்த இடத்தில் நான் ஒரு நிமிடம் நிறுத்தினேன். நானும் மூன்றாவது. அண்ணனுக்கு அயனாவரத்து ஸ்டுடியோவில் எடுத்த படம் இருக்கிறது, அட்டையில் செய்த அரைநிலா மேல் உட்காரவைத்து. மொட்டை போட்டதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அக்காவுக்குப் பட்டுப்பாவாடையும் தாழம்பூ ஜடையுமாக, பின்னல் தெரிவதற்காகப் பின்னால் கண்ணாடி வைத்து எடுத்தது. எனக்கு ஐந்து வயது வரைக்கும் இருப்பது ஒரே ஒரு படம், சித்தி கல்யாண ஆல்பத்தில் பந்தி நடக்கும் வரிசையில், யாரோ ஒரு அம்மாவின் அரக்குப் பட்டுப்புடவைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிற அரை முகம். அது நான்தானா என்பதிலும் அக்காவுக்குச் சந்தேகம் உண்டு. அம்மாவைக் கேட்டால், "உனக்குத்தான் என்னடா குறை, உன்னைத்தான் தூக்கிக்கிட்டே திரிஞ்சேனே, ரெண்டு கையும் உன்கிட்ட இருந்தா எவ போட்டோ எடுப்பா?" என்பார். சரியான பதில்தான். ஆனால் பதில் இல்லை.

மேகி பிறப்பதற்கு முன்னால் ஹோமர் எப்படி இருந்தான் என்பதுதான் கதையின் பெரும்பகுதி. அணுமின் நிலையத்தில் வேலை அவனுக்குப் பிடிக்காது. (கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் என் மச்சான் இந்தத் தொடரைப் பார்த்துச் சிரித்ததே கிடையாது. பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவன் தூங்குவதில் என்ன காமெடி என்பான்.) ஒருநாள் கடன் எல்லாம் அடைந்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கிறான், நாலு பேர் சாப்பிட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சம்பளம் கிடைத்தால் போதும், மனசுக்குப் பிடித்த வேலைக்குப் போகலாம். அவன் கனவு வேலை எது தெரியுமா? பவுலிங் அரங்கத்தில் எடுபிடி வேலை. முதலாளியாவது, கம்பெனி ஆரம்பிப்பது, அதெல்லாம் அவன் கனவிலேயே இல்லை.

பக்கத்து அறையில் இருந்து அம்மா, "பவுலிங்கா? யாரு, அஸ்வினா?" என்றார். இல்லைம்மா, கனமான பந்தை உருட்டிவிட்டு மரக்கட்டைகளை விழவைக்கிற விளையாட்டு என்றதும் சுவாரசியம் போய்விட்டது. நம் ஊர் ஆளுக்கு அந்த இடத்தின் ருசி தெரியவேண்டுமானால் வடசென்னையின் கேரம் கிளப்பை நினைத்துக்கொள்ளுங்கள். என் மாமா ஒருவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலையை விட்டுவிட்டு வியாசர்பாடியில் அப்படி ஒன்று நடத்தினார். தகரக் கூரை, நாலு போர்டு, ஒவ்வொன்றுக்கும் மேலே தகர மூடி போட்ட குண்டு பல்பு, போர்டு முழுக்க போரிக் பவுடர். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது மாமாவின் முழங்கை வரைக்கும் வெள்ளையாக இருக்கும். உலக சாம்பியன் மரிய இருதயத்துக்கு அர்ஜுனா விருது கொடுத்த 1996-ஆம் வருடம் அது, ஊர்ப் பையன்கள் எல்லாம் ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிய காலம். மாமா சம்பாதித்தார் என்று சொல்லமுடியாது, ஆனால் விசில் அடித்துக்கொண்டே சைக்கிளில் போவார். ஹோமரும் இந்த எபிசோடில் அப்படித்தான் போகிறான், சும்மா ஷூவுக்குள் ஸ்ப்ரே அடிக்கிற வேலைக்கு. அவ்வளவு சந்தோஷமாக ஹோமரை வேறு எபிசோடில் நான் பார்த்த ஞாபகம் இல்லை. முகபாவத்தில் தெரிகிறதைவிட நடையில் தெரிகிறது, படம் வரைந்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

பழைய வேலையை விடுகிற காட்சி அட்டகாசம். முதலாளி பர்ன்ஸின் மொட்டைத்தலையில் தபேலா வாசித்துவிட்டுக் கிளம்புகிறான். ஒரு இடத்தைவிட்டுப் போகும்போது திரும்பி வரமுடியாதபடி சண்டை போட்டுவிட்டுப் போவதை ஆங்கிலத்தில் பாலத்தை எரிப்பது என்பார்கள். இவன் நிஜமாகவே ஒரு பாலத்துக்கு நெருப்பு வைத்துவிட்டுப் போகிறான். நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம் என்று கையெழுத்துப் போட்டிருக்கும் நம் ஆட்கள் இந்தக் காட்சியை ரொம்ப நேரம் பார்க்கக்கூடாது, உடம்புக்கு ஆகாது.

அப்புறம் மார்ஜுக்கு நாள் தள்ளிப்போகிறது. புருஷன் இப்போதுதான் சந்தோஷமாக இருக்கிறான், அவனிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தயக்கம். அக்காக்கள் இரண்டு பேரிடம் மட்டும், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சொல்லி வைக்கிறாள். அவர்கள் டெலிபோன் டைரக்டரியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஊருக்கே தெரிந்து, ஹோமருக்கு மட்டும் தெரியவில்லை. தெருவில் பார்க்கிறவன் எல்லாம் வாழ்த்துச் சொல்கிறான், இவனோ புது வேலைக்குத்தான் வாழ்த்துகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறான். மார்ஜைக் கர்ப்பமாக்கியதற்கு வாழ்த்து என்று ஒருவர் பச்சையாகச் சொல்லியும், பேச்சு ரொம்பத் தத்துவமாகப் போகிறதே, இருந்தாலும் நன்றி, பவுலிங் வேலை எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது என்கிறான். இதில் உச்சம், வீட்டில் நடக்கும் வளைகாப்பு மாதிரியான விசேஷத்துக்குள் நுழைந்தும் அவனுக்குப் புரியாது. கடைசியில் ஒரு அம்மா வந்து, "புது வேலைக்கு வாழ்த்துகள்" என்கிறாள். உடனே, "புது வேலையா? அப்படியென்றால் மார்ஜ் கர்ப்பமா?" என்று அலறுகிறான். இதை விளக்கிச் சொன்னால் செத்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். மகள் சோபாவிலிருந்து கீழே விழுந்து சிரித்தாள்.

ஹோமரின் வழுக்கைக்குக் காரணமும் இதில் வருகிறது. மார்ஜ் ஒவ்வொரு முறை விஷயத்தைச் சொல்லும்போதும் கத்திக்கொண்டு தலைமுடியைக் கொத்தாகப் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடுகிறான். மூன்று பிள்ளை, மூன்று தவணை.

ஐந்தாவது வயிற்றுக்குப் பவுலிங் சம்பளம் போதாது. சம்பளம் ஏற்றித் தாருங்கள் என்று கேட்கிறான், வியாபாரம் மூன்று மடங்கானால் தரலாம் என்கிறார் அந்த நல்ல முதலாளி. உண்மையிலேயே நல்லவர், அதுதான் பரிதாபம். கூட்டம் சேர்க்க ஹோமர் போடுகிற திட்டம், அரங்கத்துக்கு வெளியே நின்று துப்பாக்கியால் வானத்தைப் பார்த்துச் சுடுவது. 1995-இல் சிரித்திருப்பார்கள். இன்று அமெரிக்கச் செய்திகளைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் சிரிப்பு பாதியில் நிற்கிறது. என் மகளுக்கும் அந்த இடம் பிடிக்கவில்லை.

இன்னொரு குறையும் சொல்லிவிடுகிறேன். மார்ஜ். குழந்தையைச் சுமப்பது அவள், பயத்தை மறைப்பது அவள், ஆனால் கதை முழுக்க ஹோமரின் தியாகம் என்றே நகர்கிறது. அவள் என்ன வேலைக்குப் போக ஆசைப்பட்டாள் என்று ஒரு வரி வைத்திருக்கலாம். அம்மா சொன்ன அந்த "ரெண்டு கையும்" இந்த எபிசோடில் இல்லை.

அடுத்து வருவதுதான் எங்கள் டவுன்ஹால் ஆசாமி பார்க்காத பகுதி. ஹோமர் பழைய ஆபீஸுக்குத் திரும்பிப் போகிறான். வேலை கேட்டு வருபவர்களுக்கு ஒரு கதவு இருக்கிறது. காலில் விழ வருபவர்களுக்கு அதன் பக்கத்திலேயே நாய் நுழைகிற உயரத்தில் தனிக் கதவு. அதில் தவழ்ந்து போகிறான். பர்ன்ஸ், ஓடிப்போனதற்குத் தண்டனையாக உனக்கு பிளேக் கொடுக்கப்போகிறேன் என்கிறார். ஐயா, அது பிளேக் இல்லை, பிளாக் என்று உதவியாளர் காதில் சொல்கிறார். கொள்ளைநோய் இல்லை, பலகை. ஹோமரின் மேஜைக்கு எதிரே அந்தப் பலகையை அடிக்கிறார்கள். "டோன்ட் ஃபர்கெட், யூ ஆர் ஹியர் ஃபாரெவர்." மறந்துவிடாதே, கடைசிவரைக்கும் உனக்கு இங்கேதான். மிச்சம் மீதி இருக்கிற மனசையும் உடைப்பதற்காகவே செய்த பலகை என்று பர்ன்ஸே சொல்கிறார்.

குழந்தை பிறக்கும்வரை ஹோமருக்குச் சந்தோஷமே இல்லை. ஆஸ்பத்திரியிலும் கடமைக்கு நிற்கிறான். அப்புறம் மேகி அவன் விரலைப் பிடிக்கிறாள். அவ்வளவுதான், வசனம் அதிகம் இல்லை. அதன்பின் இந்தக் காலத்துக்கு வந்து, மேகி போட்டோ எங்கே என்ற கேள்விக்கு ஹோமர் பதில் சொல்கிறான், எனக்கு எங்கே தெம்பு அதிகம் தேவையோ அங்கே வைத்திருக்கிறேன் என்று. அந்தப் பலகையைச் சுற்றி மேகியின் படங்கள். எழுத்துகள் பாதி மறைந்து, மிச்சம் இருப்பவை 'டூ இட் ஃபார் ஹெர்' ஆகிவிட்டன.

அந்த ஷாட்டை நிறுத்திவைத்துப் பாருங்கள், நான் பார்த்தேன். பலகையில் இருக்கிற வாக்கியத்தில் ஆங்கில 'ஐ' எழுத்தே கிடையாது. அப்படியென்றால் 'இட்' எங்கிருந்து வந்தது? 'டோன்ட்' என்ற சொல்லில் இருக்கும் 'என்' எழுத்தின் பெரும்பகுதியைப் போட்டோ மறைத்துவிட்டு, கடைசி நேர்கோட்டை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. அந்தக் கோடுதான் 'ஐ'. ஹோமரை மாதிரி ஒரு சோம்பேறி எத்தனை மத்தியானம் உட்கார்ந்து, படத்தை அரை இஞ்ச் இப்படி, அரை இஞ்ச் அப்படி என்று நகர்த்திப் பார்த்திருப்பான்? அதைத் தொடரில் காட்டவே இல்லை. பலகையை அவன் கழற்றவும் இல்லை. கழற்ற முடியாது, ஆணி அடித்தது கம்பெனி. திட்டின வார்த்தையிலேயே தனக்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் பொறுக்கிக்கொண்டான். போட்டோ ஒன்று கீழே விழுந்தால் பழைய வாக்கியம் பல்லைக் காட்டும். இதைத்தான் கம்பெனியே ஸ்லைடாகப் போட்டு எங்களிடம் காட்டியது! பர்ன்ஸ் தன் பலகைக்குத் தானே போட்டோ ஒட்டிக் கொடுத்த மாதிரி.

மாமாவும் திரும்பிப் போனார். இரண்டாவது பெண் பிறந்த கொஞ்ச நாளில் கிளப்பை மூடிவிட்டு அதே பட்டறைக்கு. முதலாளி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம், பழைய மெஷினைக் கொடுக்காமல் கக்கூஸ் ஓரத்து மெஷினைக் கொடுத்தாராம். ரிட்டயர் ஆகிறவரை அதில்தான். எங்கள் அப்பா வேலையில் மாற்றம் எதுவும் இல்லை, ஆனால் அவர் தவறிய பிறகு பர்ஸைத் திறந்தபோது, இந்த எபிசோடை ஏற்கனவே பார்த்திருந்தவன் என்பதால், ஒரு ஓரத்தில் என் குழந்தைப் படம் ஏதாவது இருக்கும் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்த 2003-க்கு முந்தைய பூட்டான் சீட்டு ஒன்று இருந்தது. விழாத சீட்டு.

பழக்கமில்லாதவர்களுக்குச் சில விஷயம். தனியாகப் பார்த்தாலும் புரியும், முன்கதை தேவையில்லை. ஆனால் 1991-92-இல் வந்த பழைய நினைவுக் கதைகளையும் பார்த்துவிட்டு வந்தால் ருசி கூடும், முக்கியமாக 'லிசாஸ் ஃபர்ஸ்ட் வேர்ட்'. அதன் முடிவில் மேகி பேசும் ஒரே ஒரு சொல்லுக்கு எலிசபெத் டெய்லரைக் கூப்பிட்டுக் குரல் கொடுக்க வைத்தார்கள். அந்தச் சொல் 'அப்பா'. கேட்க அறையில் யாரும் இருக்கமாட்டார்கள். இன்னொன்று, 2009-க்கு முந்தைய ஆரம்பப் பாட்டில் கடைக் கவுண்டரில் மேகியை ஸ்கேன் செய்வார்கள், மெஷினில் 847.63 டாலர் என்று விழும். ஒரு குழந்தைக்கு மாதம் ஆகும் செலவு என்று அப்போது அமெரிக்காவில் சொல்லப்பட்ட தொகை அது. கண்சிமிட்டினால் போய்விடும், எல்லா எபிசோடிலும் இருக்காது. அபு என்ற இந்தியப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த ஹாங்க் அஸாரியா 2020-இல் அதை நிறுத்திக்கொண்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். இந்தியன் பேசுவது என்று அவர் போட்ட அந்த உச்சரிப்பு இன்றும் எனக்கு எரிச்சல்தான், நல்லவேளை இந்த எபிசோடில் அது பெரிதாகக் குறுக்கே வரவில்லை. சப்டைட்டில் போட்டுப் பாருங்கள், பலகை விளையாட்டு ஆங்கில எழுத்தில் நடப்பதால் தமிழில் யார் டப் செய்தாலும் அந்த இடத்தில் திணறத்தான் வேண்டும்.

பத்துக்கு ஒன்பது. துப்பாக்கிக்கு அரை, மார்ஜுக்கு அரை.

முடிந்ததும் மகள் என் போனை எடுத்து, தன் படம் எத்தனை இருக்கிறது என்று பார்த்தாள். பதினோராயிரத்துச் சொச்சம், அதில் முக்கால்வாசி அவளே எடுத்தது. "இதுல எது உன் ஆபீஸ் டேபிள்ல இருக்கு?" என்றாள். கொரோனாவுக்குப் பிறகு எங்கள் ஆபீஸில் யாருக்கும் சொந்த மேஜை கிடையாது, காலையில் ஆப்பில் புக் செய்து எந்த இடம் கிடைக்கிறதோ அங்கே உட்காரவேண்டும், சாயங்காலம் துடைத்துவிட்டு எழுந்து வரவேண்டும், எதையும் ஒட்டக்கூடாது என்று விளக்கினேன். கொஞ்சம் யோசித்தாள்.

"சரி, அந்தப் படகை மறுபடி போடு" என்றாள்.